கருவாட்டின் மேல் விழுந்த பழி

வாடைக்குக் காரணம் கருவாடுதான் என்று முதலில் சொன்னது நான்தான். கார் வீட்டுக்கு வந்த அன்று என் கணவர் தொக்சு தெருவையே கூட்டிப் பூசை வைத்தார். பானெட்டுக்கு முன்னால் பன்றித் தலை, நாலு சக்கரத்துக்கும் அரிசிக் கள், கடைசியாக வெள்ளை நூல் சுற்றிய முழுக் கருவாடு ஒன்று டிக்கிக்குள். கண்ணை மூடாத மீன் வண்டியைக் காவல் காக்கும். நானும் விழுந்து கும்பிட்டேன். மகள் ஓட்டப்போகிற வண்டியாயிற்றே.

எங்கள் ஒரே மகள் நாரேவுக்கு மலைக்கு அந்தப்புறம் உள்ள ஊரின் சுகாதார நிலையத்தில் நர்ஸ் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை காலை சேர வேண்டும். ஞாயிறு விடிந்ததும் கணவாய் வழியாகத் தனியாக ஓட்டிக்கொண்டு போவதாக ஏற்பாடு. பழைய கார்தான், ஆனால் பார்த்தால் நேற்று வாங்கியது போல இருந்தது. தொக்சுவோடு பட்டாளத்தில் இருந்த பியொங்சோல் அண்ணன் பழைய கார் வியாபாரம் செய்கிறார். "உன் பொண்ணு என் பொண்ணு மாதிரிடா" என்று நெஞ்சில் கை வைத்துச் சொல்லிக் கொடுத்த வண்டி அது.

ஜெச்சோன் சந்தையில் தொட்டுக்கொள்கிற பதார்த்தங்கள் விற்று வயிறு வளர்ப்பவள் நான். எந்தப் பானையில் கிம்ச்சி ஊறுகாய் புளித்துவிட்டது என்று மூடியைத் திறக்காமலே சொல்வேன். அப்படிப்பட்ட மூக்கை வைத்துக்கொண்டு அந்தக் காருக்குள் ஐந்து நிமிடம் உட்கார முடியவில்லை. வாசனைத் திரவம் மேலே, அதற்கு அடியில் ஏதோ ஈரமாக, குளிர்ச்சியாக ஒரு நாற்றம்.

சனிக்கிழமை கடைக்கு லீவு விட்டேன். முற்றத்தில் காரின் நாலு கதவையும் திறந்துபோட்டு, வாளி, பிரஷ், சோடா மாவு, வினிகர், வீட்டு வேக்குவம் எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்தேன். வானம் காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது.

"பொண்ணு ஆஸ்பத்திரிக்குப் போறாளா, மீன் சந்தைக்குப் போறாளா? இந்த நாத்தத்தோட போய் இறங்கினா நோயாளியெல்லாம் எழுந்து ஓடிருவான்."

"சாமி காரியத்தைக் கிண்டல் பண்ணாதே, நாரே அம்மா."

"சாமியைச் சொல்லல. உங்க மீனைச் சொல்றேன்."

"மீனை எடுத்து வெளிய வை. மேலாகத் துடைச்சா போதும். தரையைப் போட்டு நோண்டாதே, சும்மா பிளாஸ்டிக் உடைஞ்சிரும்."

பாத்திரம் கழுவினால்கூட "அடியில சரியாத் தேய்" என்று சொல்கிற மனுஷன் அவர். அன்றைக்கு மட்டும் மேலாகத் துடை என்றார். எனக்கு அப்போது உறைக்கவில்லை. மிளகாய் அரைக்க மில்லுக்குப் போகிறேன் என்று தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

கருவாட்டை அவிழ்த்து வெளியே எடுத்தேன். கல் மாதிரி காய்ந்திருந்தது. மூக்கோடு ஒட்டவைத்து முகர்ந்தேன். கருவாடு எப்படி மணக்குமோ அப்படித்தான் இருந்தது, சூப்பு வைக்கலாம் போல. தலையைத் திரும்பக் காருக்குள் விட்டேன். மீன் வெளியே போன பிறகும் நாற்றம் உள்ளேயே உட்கார்ந்திருந்தது.

இருந்தாலும் வேலையை நிறுத்தவில்லை. கால் மேட்டுகளை உருவி உதறினேன். இடுக்கெல்லாம் வேக்குவம் பிடித்தேன். சோப்பு நுரை போட்டு சீட்டைத் தேய்த்தேன். தேய்க்கத் தேய்க்க நாற்றம் குறைய வேண்டும் அல்லவா? தண்ணீர் பட்டதும் அது கூடியது. சீட்டுக்குள் தூங்கிக்கொண்டிருந்ததை நான் தட்டி எழுப்பிவிட்டது போல இருந்தது.

ஓட்டுநர் பக்கத்து சீட் பெல்ட்டும் பிசுபிசுவென்று இருந்தது. அதைக் கழுவ, உருளையிலிருந்து கொஞ்சம் இழுத்தேன். துணி கறுப்பாக, சுத்தமாக வந்தது. இன்னும் இழுத்தேன். கால் ஊன்றிக் கடைசி வரை இழுத்து, உள்ளே போய்விடாமல் துணி கிளிப் போட்டேன். கடைசி முழம் சாம்பல் நிறத்தில் வந்தது. விரலால் சுரண்டினால் மாவு மாதிரி உதிர்ந்தது. வண்டல்.

பழைய கார் வாங்குகிறவன் எவனும் முதலில் பெல்ட்டைத்தான் கடைசி வரை இழுத்துப் பார்ப்பான். மழைக்காலம் முடிந்தால் வெள்ளத்தில் கிடந்த கார்கள் குளித்து, பவுடர் போட்டுக்கொண்டு சந்தைக்கு வரும் என்று இந்த நாட்டில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் வீட்டுக்காரருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் பட்டாளத்து அண்ணன் முன்னால் நின்றுகொண்டு பெல்ட்டை இழுத்துப் பார்ப்பது அவரைத் திருடன் என்று சொல்வதற்குச் சமம். மரியாதைக்காகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருப்பார்.

வெண்ணெய்க் கத்தியால் கதவடியில் இருந்த பிளாஸ்டிக் பட்டையை நெம்பினேன். கம்பளத்தின் ஓரத்தைத் தூக்கி, கீழே இருந்த பஞ்சை அழுத்தினேன். பழுப்புத் தண்ணீர் என் மணிக்கட்டு வரை வழிந்தது. அதோடு நெல் உமியும் ஒரு பைன் மர ஊசியிலையும் ஒட்டிக்கொண்டு வந்தன. இந்தக் கோடை மழையில் ஆற்றோரச் சாலையில் கார்கள் மிதந்து போனதை டிவியில் பார்த்தபடி சாப்பிட்டோம். இதுவும் அதில் போயிருக்குமோ என்று நினைத்தபடியே பஞ்சை இன்னும் தூக்கினேன். அதற்குக் கீழே ஓடிய மின்கம்பிகளின் முனைகளில் பச்சையாகக் களிம்பு பூத்திருந்தது. கணவாயில் கொண்டை ஊசி வளைவுகள் எத்தனை என்று எனக்கு ஞாபகம் வரவில்லை. ஒன்று போதுமே.

தொக்சு மிளகாய்த் தூளோடு வந்தபோது நான் சேற்றுக் கையோடு நின்றுகொண்டிருந்தேன். பெல்ட்டைக் காட்டினேன். அவர் முகத்தில் ஆச்சரியம் வரவில்லை. அதைப் பார்த்ததும் என் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது.

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கிறதுன்னு கேட்டிருக்கேன். நீங்க முழு ஆத்தையே கருவாட்டுல மறைச்சிட்டீங்களா?"

"சத்தம் போடாதே. தண்ணி மேட் வரைக்கும்தான் ஏறிச்சாம். அண்ணன் சொன்னாரு. ஒரு நாள் நின்னுதாம், உடனே காயவச்சிட்டாங்களாம்."

"எப்பச் சொன்னாரு?"

"பூசை முடிஞ்சு சாவி குடுக்கறப்ப."

"சாவியைத் திருப்பிக் குடுத்திருக்கணும்!"

"எப்படிக் குடுக்கறது? தெருவே பன்னித் தலை சாப்பிட்டுப் போயிருக்கு. அவருகிட்டப் போய் நீ பொய்யன்னு சொல்லவா? நானே ஒரு வாரம் ஓட்டிப் பாத்துட்டேன், ஒண்ணும் ஆகல. இப்பப் போகட்டும், குளிருக்கு முன்னாடி மாத்திரலாம்."

"ஒண்ணும் ஆகலங்கறது உங்களுக்கு. அவ நாளைக்குக் கணவாய் ஏறணும். வண்டி நடுவுல செத்துப்போனா?"

"வாயைக் கழுவு!"

அவர் கெட்டவர் இல்லை. மகள் என்றால் உயிரை விடுவார். ஆனால் அண்ணன் முகம் கோணிவிடுமே என்று பயந்து, நடக்காது நடக்காது என்று தனக்குத்தானே சொல்லிச் சொல்லி நம்பிவிட்டார். அந்த மாதிரி ஆளிடம்தான் எனக்கு அதிகப் பயம். நான் அடுத்த வார்த்தை பேசுவதற்குள் நாரே முடி வெட்டிக்கொண்டு வந்து நின்றாள்.

"ஐயோ அம்மா! பளபளன்னு ஆக்கிட்டியே! கடைக்குக் கொண்டுபோனா இப்படிப் பண்ணுவானா?"

"உக்காராதேடி, ஈரம்."

சொல்வதற்குள் ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். கிளிப்பை எடுத்துப் போட்டாள். பெல்ட் சரசரவென்று உள்ளே ஓடி அவள் மார்பைச் சுற்றிக்கொண்டது. 'டக்' என்று மாட்டினாள்.

தொக்சு எனக்குக் கண் காட்டினார். சொல்லாதே என்றது கண். சொல்லாமல் எப்படி இருக்க முடியும்? "நாரே, நீ இந்த வண்டில போகப் போறதில்ல" என்றேன்.

"ஏனாம்? புது முடிக்கு இந்த வண்டி பொருந்தலையா?" என்று சிரித்தபடி, முடியைப் பார்க்க வெயில் மறைப்பைக் கீழே இறக்கினாள். அதில்தான் கண்ணாடி இருக்கிறது. கண்ணாடியைப் பார்க்கப் போனவள் பார்வை மேலே நின்றுவிட்டது.

"இது என்ன? இங்க மட்டும் யாரும் துடைக்கலையா?"

நான் குனிந்து பார்த்தேன். மறைப்பு மடங்கியிருக்கும் இடத்தில், கூரைத் துணியில், காய்ந்த வண்டலில் ஒரு கை. ஐந்து விரலும் விரிந்து, உள்ளே இருந்து கூரையை மேலே தள்ளியது போல அழுந்தப் பதிந்த உள்ளங்கை. கூரை முழுக்கச் சுத்தம் செய்தவன் மறைப்பைத் திறந்து பார்க்காமல் விட்டிருக்கிறான். கூரை சுத்தமாக இருக்கிறதே என்று நானும் விட்டிருந்தேன்.

"ஆம்பளை கையில்ல" என்றாள் நாரே. விளையாட்டாகத் தன் கையைத் தூக்கி அதன் மேல் வைத்தாள். சுண்டுவிரல் முதல் கட்டைவிரல் வரை அளவெடுத்தது போல் பொருந்தியது.

தொக்சு ஒரு சத்தம் போட்டார். அந்தச் சத்தத்தை இருபத்தாறு வருட வாழ்க்கையில் நான் கேட்டதில்லை.

"இறங்கு! நாரே, இறங்கு! இறங்கு!"

"இறங்கறேன்ப்பா, என்னாச்சு?" அவள் சிவப்புப் பொத்தானை அழுத்தினாள். வரவில்லை. இரண்டு கட்டை விரலாலும் அழுத்தினாள். நான் ஊற்றிய சோப்புத் தண்ணீரில் உள்ளே கிடந்த வண்டல் ஊறிப் பசையாகி இறுகியிருக்க வேண்டும். அவர் பாய்ந்துபோய் பெல்ட்டைப் பிடித்து இழுத்தார். இழுக்க இழுக்க அது உள்பக்கம் பூட்டிக்கொண்டு அவள் மார்பை இன்னும் இறுக்கியது.

"அப்பா, வலிக்குது! மூச்சு முட்டுது!"

அவருக்குக் காது கேட்கவில்லை. கழுத்து வரை தண்ணீரில் நிற்பவர் மாதிரி தலையை மேலே தூக்கிக்கொண்டு, வாயால் மூச்சு வாங்கிக்கொண்டு, அவள் கையைப் பிடித்து இழுத்தார். முற்றத்தில் ஒரு சொட்டு மழைகூட இல்லை. நான் அடுக்களைக்கு ஓடி, இறைச்சி நறுக்கும் கத்தரிக்கோலை எடுத்து வந்தேன். பெல்ட் லேசில் அறுபடவில்லை. என் பிள்ளையின் தோளுக்குக் கீழே கத்தரியை வைத்து, நாலைந்து தடவை கடித்துக் கடித்து அறுத்தேன். ஒருவழியாக அவளைப் பிரித்து வெளியே இழுத்தோம்.

மூவரும் ஈரமான சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டோம். நாரேயின் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. தொக்சு அறுந்த பெல்ட்டைக் கையில் பிடித்தபடி, திறந்த கதவு வழியாக அந்த மறைப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மேட் வரைக்கும்தான்னு சொன்னாரே" என்றார். பிறகு இன்னும் மெதுவாக, "மேட் வரைக்கும்தான்னு சொன்னாரும்மா."

நாரே அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. கழுத்துக் கோட்டைத் தடவிக்கொண்டே கேட்டாள்:

"அப்ப உங்களுக்குத் தெரியும், இல்லப்பா?"