வலப்பக்கத்துப் பை

தடாலென்று குளியலறைக்குள் ஏதோ விழுந்தது. பின்னாலேயே பிளாஸ்டிக் மக் ஒன்று தரையில் உருண்டோடும் சத்தம்.

கட்டிலில் கிடந்தவர் வயிற்றைக் கையால் தாங்கியபடி எழுந்தார். பழக்க தோஷம், கை இடப்பக்கம் போயிற்று. அங்கே இப்போது தழும்பு மட்டும்தான்.

ஆறு வருடமாக அங்கேதான் இருந்தது, குடலை வயிற்றுக்கு வெளியே திறந்துவிட்ட அந்த வாய். அதன்மேல் ஒட்டிய பை. அச்சகத்தில் காகிதம் வெட்டும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுப் போவார். கழிப்பறைக் கோப்பைமேல் காலை அகட்டி உட்காருவார். பையின் அடியில் நீளும் வாலைக் கால்களுக்கு நடுவே தொங்கவிட்டு கிளிப்பைத் திறப்பார். மூன்றே நிமிடம். பதினைந்து பேருக்கு ஒரே கழிப்பறை, யாரிடமும் மூச்சுவிட்டதில்லை.

போன மாதம் அந்த இடம் புடைத்துக்கொண்டது. மறுபடி அறுத்து, வாயை வலப்பக்கம், தொப்புளுக்கு மேலே மாற்றிவிட்டார்கள். அதோடு எல்லாம் தலைகீழ். உட்கார்ந்தால் வால் தொடைமேல் கிடக்கிறது, உள்ளே எட்டுவதில்லை. நின்றால் தெறிக்கிறது. இந்த வாரத்தில் மட்டும் மூன்று கால்சட்டை நாசம். திங்கட்கிழமை வேலைக்குத் திரும்ப வேண்டியவர், காலையில் ராஜினாமாக் கடிதம் எழுதி மேசைமேல் வைத்துவிட்டார்.

"ஒரு பையைக் கவுக்கத் தெரியலன்னு யாராவது வேலைய விடுவாங்களா? கேக்கறவங்க சிரிப்பாங்க" என்று மனைவி பிடிபிடியென்று பிடித்தாள். சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தவர்தான்.

கதவைத் தட்டினார். "என்னாச்சு? வழுக்கிட்டியா?"

"ஒண்ணுமில்ல. வராதீங்க, போங்க!"

"தொறடி முதல்ல."

தாழ்ப்பாள் விலகக் கொஞ்ச நேரம் பிடித்தது. மேல்சட்டையைச் சுருட்டிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றாள். முழங்காலிலிருந்து பாதம்வரை ஒரே வெள்ளை. வயிற்றின் வலப்பக்கம் அவருடைய புதுப் பை ஒன்று கோணலாக ஒட்டியிருந்தது. வாலிலிருந்து கரைத்த மாவு சொட்டியது.

"உனக்கென்ன பைத்தியமா?"

"ஆமா, கட்டிக்கிட்ட அன்னிக்கே பிடிச்சது." முழங்காலைத் தேய்த்துக்கொண்டாள். "கோப்பைமேல முன்பக்கம் பாத்து உக்காந்தா ஆகவே ஆகாதுங்க. சுவத்தைப் பாத்து, ஸ்கூட்டர் ஓட்டுற மாதிரி திரும்பி உக்காரணும். பேண்ட்டைக்கூடக் கழட்ட வேண்டாம். வால் நேரா உள்ள போகுது. நாலு தடவை மேலெல்லாம் கொட்டிக்கிட்டேன். அஞ்சாவது தடவைதான் ஒழுங்கா வந்துச்சு. எந்திரிக்கும்போது கால் வழுக்கிடுச்சு."

அவர் குனிந்து மக்கை எடுத்தார். கொஞ்சம் தண்ணீர் பிடித்து அவள் பாதங்களில் ஊற்றினார். மாவு கரைந்து ஓடியது. அவளும் பையின் ஓரத்தை நகத்தால் கிளப்பி, மெல்ல மெல்ல உரித்தாள். அடியில் தோல் சிவந்திருந்தது. ஜெயித்த களை அவள் முகத்தில் இல்லை. அவரைப் போலவே ஓய்ந்து போயிருந்தாள்.

"வெறும் மாவுத் தண்ணி" என்றாள், அவரைப் பார்க்காமல். "வீட்டுல நீங்களும் நானும் மட்டுந்தான். அப்பவும் தாழ்ப்பாள் சரியா விழுந்திருக்கான்னு ரெண்டு தடவை இழுத்துப் பாத்தேங்க."