ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர்

ஜெயசுதா கள்ளக்குறிச்சி கடைத்தெருவில் ஒரு டஜன் எவர்சில்வர் டம்ளர் வாங்கி வந்ததற்கு இரண்டு காரணங்கள். ஒன்று, மாமியாரின் வாயை அடைப்பது. அது வீட்டுக்கே தெரியும். இன்னொன்று இசைவாணி. அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை.

ஜெயசுதாவும் இசைவாணியும் ஒரே பள்ளியில் டீச்சர்கள். மத்தியானம் ஒரே டிபன் பாக்ஸில் கைவிட்டுச் சாப்பிடுகிறவர்கள். ஜெயசுதா வாழ்க்கைப்பட்ட வடக்கனந்தல் வீட்டுக்குத்தான் இசைவாணியின் அம்மா பெரியம்மாள் கூலி வேலைக்கு வருகிறாள். போன வாரம் அம்மாவை அழைத்துப் போக இசைவாணி ஸ்கூட்டியில் வந்தாள். அப்போது களத்தில் பெண்கள் பேப்பர் கப்பில் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். மறுநாள் பள்ளியில் அவள் வேறு மேசைக்குப் போய்விட்டாள். கேட்டால், "ஒண்ணுமில்லயே" என்றாள்.

ஒன்றுமில்லையாம்! பேப்பர் கப்பைப் பார்த்துத்தான் மனசு விட்டுப்போயிருக்கிறது என்று ஜெயசுதாவுக்குப் பட்டது. அன்று சாயங்காலமே மாமியார் ராணியம்மாளைப் பிடித்துக்கொண்டாள்.

"நமக்கு எவர்சில்வரு, வேலைக்கு வர்றவங்களுக்கு பேப்பரா? இதுக்கு இன்னா பேருன்னு தெரியுமா அத்த?"

"இன்னா பேரு? அவளுங்களே கேட்டு வாங்குறது. வேணும்னா பெரியம்மாளையே கேட்டுப் பாரு. வந்துட்டா புதுசா நாயம் பேசிக்கினு."

"உங்க மூஞ்சிக்கு நேரா வேற எப்படி சொல்லுவாங்க?"

ராணியம்மாள் பொல்லாதவள் இல்லை. பெரியம்மாள் காய்ச்சலில் கிடந்தபோது கஞ்சி வைத்து அனுப்பியவள். ஜெயசுதாவும் வாயளவில் நியாயம் பேசுகிறவள் இல்லை. இரண்டு பேரும் மனசார நம்பித்தான் பேசினார்கள். அதனால்தான் சண்டை ஓயவே இல்லை. சோறு போடும்போதுகூட கரண்டிதான் சத்தம் போட்டது.

சனிக்கிழமை பள்ளி லீவு. களத்தில் மக்காச்சோளம் காய்ந்துகொண்டிருந்தது. கல்வராயன் மலைப்பக்கம் வானம் கறுத்து வருவதைப் பார்த்த பெண்கள் அவசர அவசரமாகச் சோளத்தைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடினார்கள். மூடி முடிக்கவும் மழை பிடித்துக்கொள்ளவும் சரியாக இருந்தது. எல்லோரும் மாட்டுக் கொட்டகைக்குள் ஒண்டினார்கள். ஜெயசுதா முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, புது டம்ளர்களில் டீயோடு ஓடினாள்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். முதலில் பெரியம்மாள்தான் கை நீட்டினாள். பிறகு மற்றவர்களும் எடுத்துக்கொண்டார்கள். ஜெயசுதா வாசலுக்குத் திரும்பி வந்து, நிலைப்படியில் நின்ற மாமியாரைப் பெருமையாக ஒரு பார்வை பார்த்தாள்.

பாவம், அந்தப் பெருமை டீ ஆறுகிற வரைக்கும்கூட தாங்கவில்லை. பெரியம்மாள் குடித்து முடித்ததும், கூரையிலிருந்து வழிந்த தண்ணீரில் டம்ளரைக் கழுவி ஓரமாகக் கவிழ்த்து வைத்தாள். அடுத்தவளும் குனிந்து கழுவினாள்.

"ஐயோ, நீங்க எதுக்கு கழுவுறீங்க? வச்சிடுங்க, நான் எடுத்துக்கிறேன்!"

"கை பழக்கம் பாப்பா," என்றாள் பெரியம்மாள். "டம்ளர்ல குடுத்தா கழுவித்தான் வைக்கணும். எங்கம்மா காலத்துலருந்து அப்பிடித்தான். பேப்பரு கப்புன்னா குடிச்சமா, கசக்கிப் போட்டமான்னு பூடும். அதான் கப்பே வாங்குங்கன்னு உங்க அத்தைகிட்ட நான்தான் சொன்னேன்."

"நான் சொல்லல?" என்றாள் ராணியம்மாள்.

அந்த நேரம் பார்த்தா இசைவாணியின் ஸ்கூட்டி வர வேண்டும்? அம்மா டம்ளரைக் கழுவிக் கவிழ்த்திருந்த இடத்தைப் பார்த்துவிட்டு, அவள் ஜெயசுதாவின் பக்கம் திரும்பினாள்.

"நான் கழுவச் சொல்லல இசை," என்று ஜெயசுதா பதறினாள். "கப்பப் பாத்துதான் உனக்குக் கோவம்னு மாத்துனேன்."

"கப்பு மேல எனக்கு இன்னாடி கோவம்? எங்க வூட்டு விசேஷத்துக்கே பேப்பர் கப்புதான்." மழை கொட்டியது. இசைவாணி கொட்டகைக்கும் போகவில்லை, வாசலுக்கும் வரவில்லை. "அன்னிக்கு நான் வந்தப்ப, நீ நிலைப்படிக்கு உள்ள நின்னுகினு, நான் வெயில்ல நின்னுகினு, எவ்ளோ நேரம் சிரிச்சு சிரிச்சு பேசுன. உள்ள வான்னு ஒரு வார்த்த வந்துதா உன் வாயில?"

பழியை மாமியார்மேல் போடலாமா என்று ஜெயசுதா மனசுக்குள் தேடிப் பார்த்தாள். வழியில்லை. அன்று ராணியம்மாள் சின்னசேலம் போயிருந்தாள். வீட்டில் இருந்தது ஜெயசுதா ஒருத்திதான். கூப்பிட வேண்டும் என்று தோன்றவே இல்லை. அதுதான் அவளைச் சுட்டது.

கப்பா டம்ளரா என்று மாமியாரும் மருமகளும் அத்தனை மல்லுக்கட்டினார்கள். அந்த டீயை எங்கே உட்கார்ந்து குடிப்பது என்பதில் மட்டும் அவர்களுக்குள் சண்டையே வந்ததில்லை. அதில் இருவருக்கும் அப்படியொரு ஒற்றுமை!

"உள்ள வா இசை," என்றாள் ஜெயசுதா.

இசைவாணி நகரவில்லை. நிலைப்படியில் ராணியம்மாள் கதவைப் பிடித்தபடி நின்றிருந்தாள்.

"அத்த, கொஞ்சம் தள்ளி நில்லுங்க."

ராணியம்மாள் மருமகளைப் பார்த்தாள். மழையில் நனைகிறவளைப் பார்த்தாள். கதவை விட்டுத் தள்ளி நின்றாள். ஓர் ஆள் நுழைகிற அளவுக்குத்தான்.

"எங்கம்மாவும் வரணும்," என்ற இசைவாணி கொட்டகையைக் காட்டினாள். "அவங்க எல்லாரும்."

"எனக்கு எதுக்குடி, காலெல்லாம் சேறு," என்று பெரியம்மாள் கொட்டகைக்குள் இன்னும் பின்னால் நகர்ந்தாள்.

ஜெயசுதா இந்த முறை தலையில் முந்தானையைப் போட்டுக்கொள்ளவில்லை. அப்படியே மழையில் இறங்கிக் கொட்டகையை நோக்கி நடந்தாள்.