மூன்றாவது சரணம்

பிளவுஸுக்குக் கொக்கி வைத்துத் தைத்துக்கொண்டிருந்த நான், கைபேசியில் தானாக ஓடி வந்த பாட்டைக் கேட்டதும் விரலில் ஊசியை ஏற்றிக்கொண்டேன். பாடியது நான். போட்டிருந்த பெயர் சுகுணா. ‘என் அன்பு மனைவி சுகுணாவின் தேன்குரலில், ரங்கூன் மேடையில்’ என்று எழுதி உதயசூரியன் அதை ஏற்றியிருந்தான்.

ஒரு காலத்தில் அவன் என் புருஷன். அவனுடைய கச்சேரிக் குழுவில் நான் முன்னால் நின்று பாடுவேன், சுகுணா பின்னால் நின்று கூடப் பாடுவாள். எங்கள் மகள் சந்தா நடை பழகுவதற்குள் இரண்டு பேரும் பினாங்குக்கு ஓடிப்போனார்கள். போனவர்கள் என் குரலையும் மூட்டை கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள் என்பது இத்தனை வருஷம் கழித்து, ரங்கூன் பசுந்தாங்கில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, ரத்தம் வந்த விரலைச் சப்பிக்கொண்டிருந்தபோதுதான் தெரிந்தது.

அதைவிட, கீழே ஜனங்கள் எழுதியிருந்ததைப் படித்தபோதுதான் வயிறு எரிந்தது. துபாயில் லாரி ஓட்டும் மாரிச்சாமி என்பவர், ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்த தன் அம்மாவின் காதருகே இந்தப் பாட்டை வைத்ததாகவும், அம்மா கண்ணைத் திறந்து தன்னைத் தேடியதாகவும் எழுதியிருந்தார். அவருக்கு ஆறுதல் சொல்லி யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சர். அந்த டீச்சரின் அப்பாவுக்கு மூட்டுவலி எப்படியிருக்கிறது என்று கேட்டு இன்னொருவர். முகம் பார்த்திராத ஜனங்கள், பாட்டை விட்டுவிட்டு ஒருவர் வீட்டு நல்லது கெட்டதை இன்னொருவர் விசாரித்துக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு நல்ல மனிதர்கள்! எல்லாரும் கடைசியில் ‘சுகுணாம்மாவுக்கு நன்றி’ என்று முடித்திருந்தார்கள். பாடிய தொண்டை இங்கே கிடக்கிறது, கும்பிடு அந்தச் சிறுக்கிக்கு.

‘இது என் குரல். ரேவதி, பசுந்தாங்’ என்று எழுதினேன். கொஞ்ச நேரத்தில் அது காணாமல் போனது. மறுபடியும் எழுதினேன். இந்த முறை நான் எழுதவோ அந்தப் பக்கத்தைப் பார்க்கவோ முடியாதபடி அடைத்துவிட்டான். அவன் நாக்கு அழுகிப்போக என்று வாய்விட்டே சபித்தேன். அன்று தைத்த பிளவுஸெல்லாம் கை இறுக்கமாக வந்தது.

சந்தாவுக்குக் கோபமே வரவில்லை. “நே பாஸே, அமே” என்றாள். போகட்டும் விடு, அம்மா என்று அர்த்தம். எதற்கெடுத்தாலும் அவளுக்கு இதே பர்மிய வார்த்தைதான். பள்ளிக்கூடத்தில் அப்பா பெயர் கேட்டு மற்ற பிள்ளைகள் சிரித்தபோதும் இதைத்தான் சொன்னாள்.

நான் விடவில்லை. அவளுடைய கைபேசியை வாங்கித் தினமும் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் ரங்கூனுக்குப் பக்கத்து ஊரான மாவ்பியிலிருந்து ஜெயம்மா என்ற பெண் எழுதியிருந்தாள்: ‘இது எங்க கல்யாணத்துல பாடுனது. கேசட்டு எங்கிட்ட இருக்கு. மூனாவது சரணத்துல ஒரு புள்ள அழுவும். அத ஏன் வெட்டுனீங்க?’

மூன்றாவது சரணத்தில் பாட்டு ஒரு இடத்தில் இடறுவது எனக்கும் கேட்டிருந்தது, காரணம் இப்போதுதான் பிடிபட்டது. கல்யாணப்பெண் மடியில் பிள்ளையை வைத்தால் நல்லது என்று சொல்லி, அன்று சந்தாவை என்னிடமிருந்து வாங்கி மணமேடையில் வைத்துக்கொண்டார்கள். என் குரல் கேட்டதும் அவள் என்னிடம் வர வேண்டும் என்று வீறிட்டாள். நான் பாட்டை நிறுத்தாமலே அவளைப் பார்த்துத் தலையாட்டினேன்.

ஜெயம்மாவிடம் நம்பர் வாங்கிப் பேசினேன். “அக்கா, அந்தப் புள்ள எம் மடியிலதான் அழுதுச்சு. எம் பட்டுப் பொடவையெல்லாம் ஈரம்” என்று சிரித்தாள். அழுகையோடு கூடிய முழுப் பாட்டையும் அவளே ஏற்றினாள். அதன் தொடக்கத்தில் உதயசூரியன் மைக்கில் குழைந்து குழைந்து அறிவித்திருந்தான்: “அடுத்துப் பாட வருபவர், என் மனைவி ரேவதி!” அவன் வாயாலேயே அவன் மாட்டிக்கொண்டதை நான் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். சர்க்கரை போட்ட தேநீர் போல இறங்கியது.

டீச்சரும் மாரிச்சாமியும் அவனைக் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள். மறுநாளே ஜெயம்மாவிடம் என் நம்பரை வாங்கிக் கூப்பிட்டான். கையில் துணி இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டேன்.

“ரேவதி, நாந்தான்.”

“தெரியுது. சொல்லு.”

“பேர மாத்திர்றேன். பாடுனது ரேவதின்னே போட்டுர்றேன். அந்தம்மாட்ட சொல்லி அத மட்டும் எடுத்துரச் சொல்லு. அதுல பொண்டாட்டின்னு நாஞ் சொல்றது, புள்ள அழுவுற சத்தம்… எனக்கு முன்னாடி ஒரு குடும்பம் இருந்தது இங்க ஒருத்தருக்கும் தெரியாது. சுகுணாவோட இந்த ஊர்ச் சொந்தத்துக்குக்கூடத் தெரியாது. எம் மகனுக்குப் பொண்ணு பேசியிருக்கோம்.”

எனக்குச் சபலம் தட்டியது. மாரிச்சாமி ‘ரேவதிம்மாவுக்கு நன்றி’ என்று எழுதுவதை மனக்கண்ணில் பார்த்தேவிட்டேன். நான் கேட்டதும் அதுதானே?

நிமிர்ந்தபோது அடுப்படி வாசலில் சந்தா நின்றுகொண்டிருந்தாள். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. வந்து போனை நிறுத்தினாள். நே பாஸே சொல்லுவாள் என்று காத்திருந்தேன்.

“அமே, எனக்குத் தமிழ் எழுத வராது. நா சொல்றேன், நீங்க எழுதுங்க” என்றாள். அவளுடைய கைபேசியை என் கையில் கொடுத்தாள். அவள் சொல்லச் சொல்ல, உதயசூரியன் ஏற்றிய பாட்டுக்குக் கீழே எழுதினேன். ‘மூனாவது சரணத்துல அழுவுற புள்ள நாந்தான். எம் பேரு சந்தா. அப்பா, நல்லா இருக்கீங்களா?’ கடைசி வார்த்தையை நான்தான் இரண்டு தடவை தப்பாக எழுதி அழித்தேன். அவள் ஒரே மூச்சில் சொன்னாள்.

அனுப்பிக் கொஞ்ச நேரத்தில் கரண்ட் போனது, இணைப்பும் போனது. சாயங்காலம் தெரு முழுக்க “மீ லாப்பி!” என்று கத்தினார்கள், கரண்ட் வந்துவிட்டது. ஓடிப்போய்ப் பார்த்தேன். நாங்கள் எழுதியது இல்லை. பாவி, அதையும் அழித்துவிட்டான்.

இன்னும் கீழே தள்ளிப் பார்த்தேன். லாரி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு பெரிய மீசையோடு மாரிச்சாமியின் படம். பக்கத்தில் அவர் எழுதியிருந்தது: ‘மூனாவது சரணத்துல அழுவுற புள்ள நாந்தான். எம் பேரு சந்தா. அப்பா, நல்லா இருக்கீங்களா?’ அதற்குக் கீழே டீச்சர், ஒரு எழுத்து மாறாமல் அதையே எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஜெயம்மா. பிறகு யார் யாரோ.

சந்தா என் தோளை ஒட்டி உட்கார்ந்தாள். நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாரிச்சாமி எழுதியது மறைந்தது. டீச்சர் எழுதியதும் மறைந்தது. கீழே புதிதாக இரண்டு சந்தாக்கள் வந்தார்கள்.