உப்பு போட்ட ஐஸ்

சொன்னா திட்டுவீங்க. திட்டுங்க, பரவால்ல. நானே என்னைய அவ்ளோ திட்டிக்கினேன்.

ஆஸ்பத்திரி மருந்து ஸ்டோர்ல பெருக்கித் தொடைக்கிறதும் பொட்டி தூக்குறதும் என் வேலை. அதே ஆஸ்பத்திரியிலதான் என் வூட்டுக்காரரு ரகுபதிக்குக் கேன்சர் வைத்தியம். மூணு வாரத்துக்கு ஒரு தபா மருந்து ஏத்துவாங்க, மொத்தம் ஆறு தபா. எங்க குடிசைங்கள எடுத்துட்டு ஊருக்கு வெளிய பெரும்பாக்கத்துல வூடு குடுத்துட்டாங்க. அங்கேர்ந்து நோயாளிய இட்டுக்கினு அலைய முடியாதுன்னு, அவரு மந்தைவெளியில தங்கச்சி ஜானு வூட்டுல தங்கிக்கினாரு. ஆறாவது முடிஞ்சா அன்னிக்கே நம்ம வூட்டுக்கு வந்துடுறதுன்னு பேச்சு.

நாலு மாசம். வேல முடிஞ்சு ஜானு வூட்டுல எட்டிப் பாத்துட்டு பஸ் புடிப்பேன், வூட்டுல பையன் தனியா கீறான் இல்ல. பாக்குறது வேற, கூட இருக்குறது வேற. அவரு கொறட்ட சத்தம் இல்லாம எனக்குத் தூக்கம் புடிக்கல. சிரிக்காதீங்க. அந்த ஆளு எனக்குப் பக்கத்துல வேணும், அவ்ளோதான்.

ஆறாவது ஊசி அன்னிக்குக் காலையில ஸ்டோரத் தொறந்தா ஃபிரிட்ஜ் செத்துக் கெடக்குது. அதுல இருக்குற மருந்து ரெண்டு டிகிரிக்கும் எட்டு டிகிரிக்கும் நடுவுலயே இருக்கணும். மருந்தாளுநர் நிஷா மேடத்துக்குப் போன் போட்டா, மழையில மாட்டிக்கினு கீறாங்க. ஐஸ் பொட்டிக்கு மாத்தி வைங்க, வந்துடுறேன்னாங்க. ஃபிரிட்ஜுல இருந்த ஐஸ் பாக்கெட்டெல்லாம் தண்ணியாயிருந்துச்சு. ஜாம்பஜாருக்கு ஓடி மீன் கடையில ஐஸ் வாங்கியாந்தேன்.

எங்கம்மா பட்டினப்பாக்கத்துல மீன் வித்தவங்க. எனக்கு ஐஸ் வெக்கவா சொல்லித் தரணும்? அடியில ஐஸ், மேல மருந்து, அதுக்கு மேல ஐஸ், கூலிங் ஏற கை நெறைய கல்லுப்பு. வஞ்சிரத்தக் கூட அவ்ளோ பதனமா அடுக்கினதில்ல. அவரு மருந்தும் அதுலதான கீது.

ஒரு மணி நேரம் கழிச்சு மூடியத் தொறந்தேன். அவரு செவப்பு மருந்து பாட்டிலுக்குள்ள கல்லாட்டம் ஒறைஞ்சு போயிருந்துச்சு. மத்த ரெண்டு பேரு மருந்தும் அப்டித்தான். ஒறைஞ்ச மருந்து செத்த மருந்து, திரும்பி எளகினாலும் ஏத்தக் கூடாதுன்னு மேடம் எத்தினி தபா சொல்லியிருக்காங்க. பாட்டில உள்ளங்கையில வெச்சு மூடிக்கினேன். கொஞ்ச நேரத்துல எளகிடுச்சு. அதே செவப்பு, அதே தண்ணி, ஒரு வித்தியாசமும் தெரியல. யாரும் பாக்கவும் இல்ல. வாய மூடிக்கினா சாயங்காலம் ரெண்டு பேரும் ஒரே பஸ்ஸுல போவோம்.

நனைஞ்ச குடையோட மேடம் உள்ள வந்தாங்க. எல்லாம் சரியா கீதான்னு கேட்டாங்க. சரின்னு சொல்லத்தான் வாயத் தொறந்தேன். ஆனா செத்த மருந்த ஏத்திக்கினு அவரு வூட்டுக்கு வந்தா, கூடவே நோவும்தான வரும்?

"ஒறைஞ்சு போச்சு மேடம். நான்தான் உப்பு போட்டேன்."

அவங்க திட்டல. திட்டியிருந்தா நல்லாருந்திருக்கும். அத்தனையும் எடுத்து ஒதுக்கி வெச்சு, நோட்டுல எழுதிட்டு, ஒவ்வொரு எடமா போன் போட்டாங்க. எங்கயும் இல்ல. புதுசா வர பத்து நாளாவுமாம்.

வார்டு பெஞ்சுல அவரு தேச்ச சட்ட போட்டுக்கினு, கால் பக்கத்துல துணிப்பையோட, மாப்ள கணக்கா ஒக்காந்திருந்தாரு. எல்லாத்தையும் சொன்னேன். பைக் காத முறுக்கிக்கினே இருந்தாரு. எனக்கு ஆத்திரமா வந்துச்சு. திட்டுய்யா, ஏன்யா சும்மா கீறன்னு நானே கத்திட்டேன்.

"இன்னா மணி, என்னைய வஞ்சிரம்னு நெனச்சுக்கினியா?"ன்னாரு. சிரிக்கத்தான் பாத்தாரு, வரல. அப்புறம் பைய என் கையில குடுத்தாரு. "துணிங்க முன்னால போவட்டும். கொடியில போட்டு வை. பத்து நாள்ல வந்துர்றேன்."

பெரும்பாக்கம் வர்ற வரைக்கும் பைய மடியில வெச்சுக் கட்டிப் புடிச்சுக்கினேன். வூட்டுக்குப் போனதும் லுங்கிய எடுத்து மூஞ்சில வெச்சு மோந்து பாத்தேன். ஜானு வூட்டு சோப்பு வாசனதான் வந்துச்சு.