முசியே நொரெப்ளி

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. ஒரு பத்திரிகைக்குக் கதை அனுப்பினேன். அரை நிமிடத்தில், ‘தங்கள் படைப்பு கிடைத்தது. இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்’ என்று மின்னஞ்சல் வந்தது. பதினான்கு மாதமாகிறது. நானும் அனுப்பவில்லை, அவர்களும் அனுப்பவில்லை. இப்படிப் பதிலே வாங்காத ஒரு மின்னஞ்சல் முகவரியை எவனோ உட்கார்ந்து உருவாக்கியிருப்பான், அவனைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்று கிளம்பினேன். போய்ப் பார்த்தால் சிவசங்கரி இருந்தாள்.

2

‘புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலைக் காற்று…’

(வேண்டாம். அவள் வேலை பார்க்கும் அறைக்கு ஜன்னலே கிடையாது.)

முதலியார்பேட்டையிலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவள் சிவசங்கரி. சான்றிதழ்களில் பெயர்ப் பிழை திருத்தித் தரும் ஓர் அலுவலகத்தில்* ஒப்பந்தக் கணினி ஊழியர். மேலாளர் கமலக்கண்ணன் ஒருநாள் கூப்பிட்டார்.

“யம்மா, விண்ணப்பம் போடறவங்களுக்குத் தானா மெயில் போவணும். ஆனா அவங்க நமக்குத் திருப்பி எழுதக் கூடாது.”

“எழுதுனா இன்னா சார்?”

“எழுதுனா படிக்கணும். படிச்சா பதில் சொல்லணும். தேவையா நமக்கு?”

அந்த அலுவலகத்து மென்பொருள் மனிதர்களுக்கு மட்டுமே முகவரி தரும். பெயர் கேட்டது. ‘பதில் இல்லை’ என்பதை ஆங்கிலத்தில் ‘நோரிப்ளை’ என்று இடைவெளி விடாமல் அடித்தாள். இனிஷியல் இல்லாமல் நகரமாட்டேன் என்று அடம்பிடித்தது. மெயிலுக்கு ‘எம்’ என்று ஓர் எழுத்தைத் தட்டிவிட்டாள். எம். நோரிப்ளை அன்றே பணியில் சேர்ந்தார்.

* எந்த அலுவலகம் என்று கேட்காதீர்கள். இதற்கென்று எனக்கு அங்கிருந்து பதில் வந்துவிட்டால் கதையே பொய்யாகிவிடும்.

3

அன்வருதீனுக்கு எழுபத்தாறு வயது. பிரெஞ்சு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதத்துக்கு முன் அவர் மனைவி ஜஹபர் நிஷா இறந்துபோனார். இறப்புச் சான்றிதழில் ‘ஜவகர் நிஷா’ என்று அடித்துவிட்டார்கள். திருத்தச் சொல்லி விண்ணப்பித்தார். எம். நோரிப்ளையிடமிருந்து மின்னஞ்சல் வந்தது. சரியான பெயரை ஏழு நாளுக்குள் உறுதிசெய்ய வேண்டும், தவறினால் விண்ணப்பம் மூடப்படும், மறுபடி விண்ணப்பிக்க முடியாது, இதற்குப் பதில் அனுப்ப வேண்டாம்.

எங்கே உறுதிசெய்வது? அதைப் பற்றி மின்னஞ்சல் மூச்சுவிடவில்லை.

(இந்த மனிதரை நான் வெகுநேரம் சந்தேகப்பட்டேன். அதை அனுப்பியது ஓர் ஆள் என்றே நம்பிவிட்டார், இவ்வளவு வெகுளி உண்டா? ஆனால் பிரெஞ்சில் ‘எம்’ எழுதிப் புள்ளி வைத்தால் ‘முசியே’, நம் ‘திருவாளர்’. நாற்பது வருடம் பிரெஞ்சு நோட்டு திருத்திய கண்ணுக்கு அது, பிரெஞ்சு உச்சரிப்பில், முசியே நொரெப்ளி என்ற கனவானாகத்தான் தெரியும். நம்பாதவர்கள் வேறு கதைக்குப் போகலாம், கோபமில்லை.)

4

யாருமே திறக்காத நோரிப்ளையின் அஞ்சல் பெட்டி நிறைந்துபோனது. “எல்லாத்தயும் அழிச்சிடும்மா” என்றார் கமலக்கண்ணன். அன்வருதீனுக்குக் கொடுத்த கெடுவின் ஏழாம் நாள் மாலை நாலரைக்குச் சிவசங்கரி அதைத் திறந்தாள். நானூற்றுப் பன்னிரண்டு பதில்கள். மொத்தமாக அழிக்கப் போனவளை மேலே இருந்த கடிதம் நிறுத்தியது.

‘மதிப்புக்குரிய முசியே நொரெப்ளி அவர்களுக்கு, பதில் அனுப்ப வேண்டாம் என்று எழுதியிருந்தீர்கள். அது உங்கள் பெருந்தன்மை. ஆனால் கடிதத்துக்குப் பதில் போடாமல் இருந்து எனக்குப் பழக்கமில்லை. என் மனைவியின் பெயர் ஜஹபர் நிஷா. நாற்பத்தொன்பது வருடம் அப்படித்தான் கூப்பிட்டேன். இனி அந்தப் பெயர் காகிதத்தில் மட்டும்தான் இருக்கும். அங்கேயாவது சரியாக இருக்கட்டும். தாங்கள் காரைக்கால் நொரெப்ளி குடும்பமா? தகப்பனார் நலமா?’

சிவசங்கரிக்குச் சிரிப்பு வந்தது. உடனே வெட்கமாகவும் இருந்தது. அந்த ‘எம்’மைத் தட்டியவள் அவள்தானே.

“சார், இவரு பேர உறுதி பண்ணிட்டாரு. அஞ்சு மணிக்குத் தானா மூடிடும். ஏத்திடட்டா?”

“எதுல வந்துச்சி?”

“நோரிப்ளைல.”

“அதுல பதில் வராதும்மா. வந்துச்சின்னு ஒண்ணுக்கு எழுதுனா, மிச்சம் நானூத்திச் சொச்சத்துக்கு யாரு பதில் சொல்றது? மாசக் கடைசில ஒன் கான்ட்ராக்ட்டு புதுப்பிக்கணும், ஞாபகம் இருக்கில்ல?”

5

முடிவு அ: கமலக்கண்ணன் மனம் மாறுகிறார். (அவரை நான்தான் உருவாக்கினேன். மாறமாட்டார்.)

முடிவு ஆ: சரியாக நாலு ஐம்பத்தெட்டுக்குக் கரண்ட் போகிறது. (அவளைக் காப்பாற்றுகிற பெயரில் நான் தப்பித்துக்கொள்கிறேன்.)

முடிவு இ: சிவசங்கரியே முசியே நொரெப்ளியாகி, ‘அன்புள்ள வாத்தியாருக்கு, தகப்பனார் நலம்…’

6

மணி நாலு ஐம்பத்தொன்பது. திரையில் ‘ஜஹபர் நிஷா’ என்று அடித்து, எழுத்தெழுத்தாகச் சரிபார்த்துவிட்டாள். ஒரே ஒரு கட்டம் பாக்கி. ‘பதில் பெற்றவர் பெயர்.’

சிவசங்கரி என்று போட்டால் வேலை போய்விடும். எம். நோரிப்ளை என்று போட்டுப் பார்த்தாள். இவருக்குப் பதில் பெறும் அதிகாரம் இல்லை என்றது மென்பொருள். என் பெயரைப் போடலாம்தான், ஆனால் அந்தக் கடிதத்தை எழுதிய கை என்னுடையது, பெற்றவனாகக் கையெழுத்துப் போட முடியாது.

வாத்தியாரின் கடிதத்தைப் படித்தவர்கள் இரண்டே பேர். ஒன்று அவள். இன்னொன்று நீங்கள்.

பதில் பெற்றவர் பெயர்: ……………………

சீக்கிரம். எழுத்துப் பிழை வராமல் பார்த்துக்கொள்ளுங்கள்.