மூடி வைத்த பெயர்

பள்ளிக்கூடத்து ஆள் வீட்டு வாசலில் வந்து நின்றால் விஷயம் இரண்டில் ஒன்று. கையெழுத்து கேட்பார்கள், இல்லாவிட்டால் பிள்ளையைப் பற்றிக் குறை சொல்வார்கள். ஜங்காராய் தன் ஆயுளில் மூன்றாவதாக ஒரு காரணத்தைக் கண்டதில்லை. அதனால் நாடக வகுப்பு நடத்தும் டார்லீன் டீச்சர் செம்மண் முற்றத்தின் ஓரத்தில் வந்து நின்றபோது அவர் தலையை நிமிர்த்தவில்லை. நெருப்பில் கிடந்த கங்காரு வாலைக் குச்சியால் புரட்டிக்கொண்டிருந்தார். கூப்பிடாமல் உள்ளே வரக்கூடாது என்பது அவளுக்குத் தெரிந்திருந்தது. நின்றாள். அவரும் வேண்டிய மட்டும் நிற்க வைத்தார்.

"அங்கிள், உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

"நான் உனக்கு எந்த ஊர் அங்கிள்? இங்க எல்லாரும் ஜங்காராய்னுதான் கூப்பிடுவாங்க. வந்து உட்காரு. நாய் கடிக்காது. அதுக்கும் சோம்பேறித்தனம்."

டார்லீனும் ஆஸ்திரேலியப் பூர்வகுடிதான். ஆனால் கிழக்குக் கடற்கரைக்காரி. அவர்கள் ஊரில் இறந்தவர்களின் படத்தைச் சுவரில் மாட்டி, பெயரைச் சொல்லிச் சொல்லி அழுவார்களாம். இந்தப் பாலைவனத்தில் அது நடக்காது. இங்கே ஆள் போனால் பெயரும் கூடவே போய்விடும். அதே பெயர் வைத்திருக்கும் மற்றவர்களும் அதை இழந்து 'குமன்ஜாயி' ஆகிவிடுவார்கள். குடும்பத்தார் போதும் என்று சொல்லிப் பெயரைத் திரும்ப விடும்வரை, பெயர் இல்லாதவர்கள். ஜங்காராயின் மூத்த மகள் போன வருஷத்து மழைக்காலத்தில், ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் போகும் சாலையில் கார் கவிழ்ந்து இறந்தாள். அன்றிலிருந்து பள்ளிக்கூடத்துச் சமையற்காரி ஒரு குமன்ஜாயி, பெட்ரோல் பங்கில் வேலை செய்யும் பெண் ஒரு குமன்ஜாயி. செத்தவளின் பெயரை எழுதுவதும் முறையில்லை. ஆகவே இந்தக் கதையில் அது வராது.

"பன்னிரண்டாம் வகுப்புக்கு ஒரு நாடகம் நடத்துறேன்" என்றாள் டார்லீன். "துக்கத்தைப் பத்தினது. கடற்கரைப் பக்கம் நம்ம ஆளுங்க எழுதினதுதான், வெள்ளைக்காரங்க இல்ல. ஒரு தாய் மகளைப் பறிகொடுக்குறா. பிள்ளைங்க அதைப் படிக்கணும், நடிச்சும் காட்டணும். டார்வின்லேர்ந்து தேர்வாளர் வந்து பார்த்து மார்க் போடுவாரு."

"துக்கத்துக்கு மார்க்கா? அப்படின்னா இந்த ஊர்ல எல்லாரும் முதல் வகுப்புல பாஸ். பள்ளிக்கூடம் எதுக்கு?"

"வீட்டுல அழுறது வேற. அதையே மேடையில வெச்சு, தள்ளி நின்னு பார்க்குறது வேற. அதைத்தான் சொல்லிக் குடுக்குறேன்."

"நல்லா பேசுற. கடற்கரையில எல்லாரும் இப்படித்தானா?"

அவள் அதற்குச் சிரிக்கவில்லை. "நாடகத்துல அந்த மகளோட பேரு..." என்று இழுத்தாள். "உங்க வீட்டுப் பேருதான்."

குச்சி நின்றது.

"நான் அதை வகுப்புல வாசிக்கவே இல்ல. முதல் நாளே அடிச்சிட்டேன். அதுக்குப் பதிலா குமன்ஜாயின்னு போட்டாச்சு. உங்களுக்குத் தெரியாம செய்யக் கூடாதுன்னு வந்தேன்."

"போட்டாச்சுல்ல. அப்புறம் என்ன?"

"தாயா நடிக்கிறது ரிகீஷா."

ரிகீஷா அவருடைய இளைய மகள். பதினேழு வயது. அந்தக் குடும்பத்தில் பன்னிரண்டாம் வகுப்புவரை போன முதல் ஆள். நாடகத்தைப் பற்றி அவள் வீட்டில் மூச்சு விடவில்லை.

"உனக்கு வேற பொண்ணே கிடைக்கலயா?"

"அவளாத்தான் வந்து கேட்டா. வியாழக்கிழமை ஒத்திகை. வந்து பாருங்க."

ஜங்காராய் போனார். இவர்கள் தன் பிள்ளையை வைத்து என்ன செய்கிறார்கள் என்று தெரிய வேண்டும், அதற்காகப் போனார். தகரக் கூரை போட்ட கூடம். ஒரு கோடியில் மேடை, பக்கச் சுவரில் சமையலறை ஜன்னல். கடைசி வரிசையில் கதவை ஒட்டி உட்கார்ந்துகொண்டார்.

ரிகீஷா தலையில் துணி கட்டிக்கொண்டு மேடை நடுவில் நின்றாள். டார்லீன் கீழே நின்று சொல்லிக்கொடுத்தாள்.

"இன்னும் உள்ளேர்ந்து வரணும்மா. உன் வயித்துல பிறந்தவ. பொழுது சாயுது, அவ வரல. கூப்பிடு."

"குமன்ஜாயி!" என்று ரிகீஷா கத்தினாள். "குமன்ஜாயி! வீட்டுக்கு வா!"

சமையலறை ஜன்னல் படாரென்று திறந்தது. சமையற்காரி தலையை நீட்டினாள். "எதுக்குடி இப்படிக் கத்துற? கையெல்லாம் மாவு. என்ன வேணும்?"

"பசிக்குதாம்!" என்று பின்னாலிருந்து ஒரு பையன் குரல் கொடுத்தான். கூடமே வெடித்துச் சிரித்தது. ஜங்காராயும் சிரித்துவிட்டார். அப்படிச் சிரித்து வெகுநாள் ஆகியிருந்தது. மேடையில் ரிகீஷாவுக்கும் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் முகம் சுருங்கி, தலைத்துணியைப் பிடுங்கி எறிந்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

தண்ணீர்த் தொட்டி நிழலில் அவளைக் கண்டுபிடித்தார்.

"நீயும் சிரிச்சல்ல?" என்றாள்.

"வந்துச்சு. சிரிச்சேன்."

"எனக்கும்தான் வந்துச்சு. அந்த வார்த்தைய வெச்சு யாரையும் கூப்பிட முடியலப்பா. அது மூடி வைக்கிற வார்த்தை. பானை மூடியப் பார்த்துக் கத்துற மாதிரி இருக்கு."

"மிஸ்கிட்ட சொல்லி வேற பேர் போடச் சொல்லு. உலகத்துல பேருக்கா பஞ்சம்?"

"வேற பேர் எனக்கு எதுக்கு? நான் எதுக்கு இந்த வேஷத்தக் கேட்டு வாங்கினேன்னு நினைக்கிற? பேரை விட்டுடுப்பா. எல்லாரும் உன் வாயத்தான் பார்த்துட்டு இருக்காங்க. நீ சொன்னா மத்தவங்க ஒத்துக்குவாங்க."

"முடியாது."

"ஏன்?"

ஜங்காராய் சிறுவனாக இருந்தபோது வெள்ளைக்காரர் ஒருவர் பெட்டியோடு வந்து அவருடைய அப்பாவின் பாட்டைப் பதிந்து கொண்டுபோனார். நல்ல மனிதர், மாவும் சர்க்கரையும் கொடுத்தார். அப்பா செத்து மண் காய்வதற்குள் ஒருநாள் கடையில் இருந்த வானொலியில் அந்தக் குரல் பாடியது. அம்மா கையிலிருந்த டின்னாலேயே தலையில் அடித்துக்கொண்டாள். வெளியே விட்டது எங்கே சுற்றி எப்போது முன்னால் வந்து நிற்கும் என்று யாருக்குத் தெரியும்? இதையெல்லாம் மகளிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் வாயில் வந்தது வேறு.

"பேரைச் சொல்லி நீ கூப்பிடுவ. யாருடி வருவா?"

ரிகீஷா அவர் முகத்தைப் பார்க்காமல் காலால் மண்ணைத் தள்ளினாள். "அப்போ நான் நாடகத்த விட்டுடுறேன். பள்ளிக்கூடத்தையும் விட்டுடுறேன். பெட்ரோல் பங்க் வேலைக்குப் போறேன்."

"மிரட்டுறியா?"

"இல்லப்பா. பொய்யா நின்னு கத்த முடியல. அவ்வளவுதான்."

அவள் சொன்னால் செய்வாள். மூத்தவளும் இப்படித்தான் ஒரு மத்தியானம் பத்தாம் வகுப்பிலிருந்து எழுந்து வந்தாள், திரும்பிப் போகவில்லை. பெயரை விட்டால் தன்னால் தாங்க முடியாது, விடாவிட்டால் இவளும் படிப்பை விட்டுவிடுவாள். அதற்குப் பிறகு ஜங்காராய்க்கு இதே நினைப்பு. பொழுது இறங்குமுன் எழுந்து, துக்கம் காக்கும் பெண்கள் தங்கும் முகாமுக்கு நடந்தார்.

ஆண்கள் அதற்குள் போகக்கூடாது. வேலியை ஒட்டி நின்று தொண்டையைச் செருமினார். அவர் மனைவி நங்காலா நெற்றியில் வெள்ளைக் களிமண் பூசி, மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். மகள் போன நாளிலிருந்து அவள் ஒரு சொல் பேசியதில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பேசக்கூடாது. பெண்கள் கூடி அவள் வாயைத் திறந்துவிடும்வரை கைதான் பேசும். இந்த ஊர்ப் பெண்கள் எல்லோருக்கும் அந்தக் கைப்பேச்சு தெரியும். ஆண்களுக்கும் புரியும், ஆனால் தெரியாததுபோல் இருப்பார்கள். சில சமயம் அது வசதி.

ஜங்காராய் நடந்ததைச் சொன்னார். சமையற்காரி எட்டிப் பார்த்ததைச் சொன்னபோது நங்காலாவின் தோள் சிரிப்பில் குலுங்கியது. பிறகு அவள் கை எழுந்தது.

நாடகத்தில் அந்தத் தாய் எப்படி அழுகிறாள் என்று கேட்டாள்.

"கத்துறா. பேரைச் சொல்லிக் கத்துறா."

பிள்ளை போன பிறகா?

"ஆமா."

பிள்ளை போன பிறகு அவளுக்கு வாய் எங்கேயிருந்து வந்தது?

"கடற்கரைக்காரங்க எழுதின நாடகம். அங்க அப்படிப்போல."

நங்காலா யோசித்தாள். அந்த டீச்சர் பெயரைத்தான் மாற்றியிருக்கிறாள், தாயை மாற்றவில்லை என்றது அவள் கை. பெண்ணை என்னிடம் அனுப்பு என்றது.

"முடிவு சொல்ல வேண்டியவன் நான்" என்றார் ஜங்காராய்.

பெயர் உன்னுடையது, நீயே வைத்துக்கொள் என்று காட்டினாள். பிறகு தன் உதட்டைத் தொட்டாள். இது என்னுடையது.

ரிகீஷா பாயைச் சுருட்டிக்கொண்டு பெண்கள் முகாமுக்குப் போனாள். ஒத்திகைக்கும் வரவில்லை. டார்லீன் பதறிப்போய் முற்றத்தின் ஓரத்தில் வந்து நின்றாள்.

"அவ திரும்ப வருவாளா, மாட்டாளா? தேர்வாளருக்குத் தேதி குடுத்தாச்சு."

"பொம்பளைங்க விஷயம். என்னைக் கேட்டா?"

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா?"

"பண்ணின" என்றார் அவர். "ஆனா கேட்டுட்டுப் பண்ணின. அது தேவலாம்."

நாடகத்தன்று டார்வின் தேர்வாளர், கழுத்து சிவந்த வெள்ளைக்காரர், முன்வரிசையில் தண்ணீர் பாட்டிலோடு உட்கார்ந்தார். கேமரா கூடாது என்று ஜங்காராய் சொல்லிவிட்டார், அவரும் தலையாட்டிவிட்டார். ஆரம்பிக்கும் நேரத்தில் பெண்கள் வந்தார்கள். நங்காலா முன்னால், மற்றவர்கள் பின்னால். நாற்காலிகளைத் தள்ளிவிட்டுத் தரையில் அமர்ந்தார்கள். ரிகீஷா மேடை ஓரத்தில் தயாராக நின்றாள். எங்கே இருந்தாய் என்று கேட்க டார்லீனுக்கு நேரமில்லை.

முதல் பாதி ஒழுங்காகப் போனது. பையன்கள் வசனத்தை விழுங்கினார்கள், ஒருத்தி கதவைத் தப்பான பக்கம் திறந்தாள். பிறகு அந்த இடம் வந்தது. மேடை காலியானது, ரிகீஷா மட்டும் நடுவில் நின்றாள். டார்லீனின் உதடுகள் வசனத்தைத் தாமாகச் சொல்லிக்கொண்டிருந்தன.

ரிகீஷா வாயைத் திறக்கவில்லை. வலது கையைத் தாழ்த்தி, சின்னப் பிள்ளையின் உயரத்தைக் காட்டினாள். என் பிள்ளை. விரல்களை விரித்து மணிக்கட்டைத் திருப்பினாள். எங்கே. கையை நீட்டித் தன் பக்கம் இழுத்தாள். வா. நிறுத்தினாள். இன்னொரு திசைக்குத் திரும்பி அதையே செய்தாள். பிறகு இன்னொரு திசை. கை இழுத்துக்கொண்டே இருந்தது, உதடு கல்மாதிரி மூடியிருந்தது.

அவள் கை கதவுப் பக்கம் நீண்டபோது ஜங்காராய் திரும்பிக் கதவைப் பார்த்தார். பார்த்த பிறகுதான் எதற்குப் பார்த்தோம் என்று உறைத்தது.

தரையிலிருந்து ஒரு கிழவி ஒப்பாரியை எடுத்தாள். அடுத்தவள் சேர்ந்தாள், பிறகு எல்லோரும். சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு சமையற்காரி வந்து அவர்கள் நடுவில் விழுந்தாள். மேடை ஓரத்தில் நின்ற பையன்கள் முதுகைக் காட்டி, தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார்கள். நங்காலா மட்டும் அசையாமல் மகளின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் வெள்ளைக் களிமண்ணை அறுத்துக்கொண்டு இறங்கியது.

"இது நாடகத்துல உண்டா?" என்று தேர்வாளர் கேட்டார்.

டார்லீன் எழுந்து பின்வரிசைக்கு ஓடிவந்தாள். "நிறுத்திடட்டுமா, ஜங்காராய்?"

"ஆரம்பிச்சாச்சு. அது முடியட்டும். உட்காரு."

உட்கார்ந்தாள். கொஞ்ச நேரத்தில் அவளும் அழுதாள், தன் ஊர் வழக்கப்படி, யாருடைய பெயரையோ மெல்லச் சொல்லிச் சொல்லி. ஜங்காராய் அதைத் தடுக்கவில்லை. அவர் தலையைக் கவிழ்த்துக்கொண்டார். அழைத்த கைக்கு யாரும் வரவில்லை. வரமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். ஆனால் தான் பயந்தபடி அது தன்னைக் கொல்லவும் இல்லை. அண்ணன் முறைக்காரர் ஒருவர் வந்து பக்கத்தில் அமர்ந்து தோளோடு தோள் ஒட்டிக்கொண்டார்.

ஒப்பாரி தானாக அடங்கும்வரை ரிகீஷா மேடையிலேயே நின்றாள். அடங்கியதும் பையன்களைத் திரும்பிப் பார்த்தாள். அவர்கள் மூக்கைத் துடைத்துக்கொண்டு வந்து மிச்ச நாடகத்தை நடித்து முடித்தார்கள்.

தேர்வாளர் போகும்போது டார்லீனிடம், அந்த இடத்தில் புத்தகத்தில் வசனம் இருக்கிறதே என்றார். இருக்கிறது, அவள் அதை விடவும் இல்லை, கையால் சொன்னாள் என்றாள் டார்லீன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. ரிகீஷா பாஸ். எத்தனை மார்க் என்று ஜங்காராய் கேட்டுக்கொள்ளவில்லை. அதற்கு ஒரு எண் போட்டிருப்பார்கள் என்பதே அவருக்குப் பிடிக்கவில்லை.

சில வாரம் கழித்து டார்லீன் மறுபடி வந்தாள். இந்தத் தடவை முகம் மலர்ந்திருந்தது. அடிலெய்டில் பெரிய நாடக விழாவாம். தேர்வாளர் சொல்லி அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த நாடகத்தை அப்படியே வந்து நடிக்கச் சொல்கிறார்களாம், விமானச் செலவு அவர்களுடையதாம்.

ஜங்காராய் வாயைத் திறக்குமுன் ரிகீஷா சொன்னாள், "வேண்டாம் மிஸ்."

"ஏம்மா? எவ்வளவு பெரிய மேடை தெரியுமா?"

"அது அழுதாச்சு மிஸ். டிக்கெட் வாங்கினவங்களுக்காக மறுபடி அழ முடியாது."

வற்புறுத்துவாள் என்று ஜங்காராய் எதிர்பார்த்தார். பள்ளிக்கூடத்து ஆட்கள் அப்படித்தான். அவளை விரட்ட நாலு வார்த்தையும் நாக்கில் தயாராக வைத்திருந்தார்.

"சரி. அவங்ககிட்ட முடியாதுன்னு சொல்லிடுறேன்" என்றாள் டார்லீன்.

"அடுத்த பருவத்துக்கு வேற நாடகம் குடுங்க" என்றாள் ரிகீஷா. "ஏதாவது சிரிக்கிற நாடகம். அந்தப் பையனுங்களுக்கு அதுதான் வரும்."

"தேடிப் பார்க்குறேன்."

"எப்ப ஆரம்பிக்குறோம்?"

"திங்கட்கிழமை காலையில."

"வந்துடுறேன்" என்றாள் ரிகீஷா.

ஜங்காராய் நாக்கிலிருந்த வார்த்தைகளை விழுங்கிவிட்டு, தரையில் விரித்திருந்த போர்வையில் கொஞ்சம் நகர்ந்து டீச்சருக்கு இடம் விட்டார்.