தொப்பை எழுத்தில் ஒரு கல்யாணப் பத்திரிகை

ஹுஸ்னாவுக்கு முப்பத்தாறு வயதில் கல்யாணம் நிச்சயமானது. 'காக்கா' என்று கூப்பிடும் அண்ணன் ஆபித்திடம் அவள் நகை கேட்டாளா, பட்டு கேட்டாளா? பத்திரிகையில் தன் பெயரைப் போடச் சொல்லிக் கேட்டாள். அவர்கள் குடும்பத்தில் மாப்பிள்ளை பெயரைக் கொட்டை எழுத்தில் போடுவார்கள். பெண்ணுக்கு 'இன்னாரின் இளைய குமாரத்தி' என்பதோடு சரி.

"ஊர்ல இல்லாத ஆசை," என்றான் ஆபித். "பெரியவங்க என்ன சொல்லுவாங்க?"

"எழுத்து என்னுது காக்கா. அதுல என் பேரு ஒருதரம் வரட்டுமே."

உண்மைதான். ரங்கூனில் ஆபித்தின் அச்சகத்துக்குக் கம்ப்யூட்டர் வந்த தொண்ணூற்றாறில் அந்தத் தமிழ் எழுத்தை வரைந்தவள் அவள். மட்டமான அட்டையில் மை ஊறிப் பரவும். மெல்லிய கோடுகள் காணாமல் போகும், கூர்முனைகள் அப்பிக்கொள்ளும். அதனால் கோடுகளைக் கொழுக்க வைத்தாள், முனைகளை உருட்டினாள், ஒவ்வொரு எழுத்துக்கும் அடியில் தடித்த குட்டிப் பாதம் வைத்தாள். 'தொப்பை எழுத்து' என்று ஆபித் கேலி செய்தான். கேலி செய்தவனுக்கே அது சோறு போட்டது. முறுக்குப் பாக்கெட், பலூடா கடைப் பலகை, கோயில் திருவிழா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை என்று இன்சீன் பேட்டையிலிருந்து அக்கரையில் இருக்கும் தன்லியின் ஊர் வரைக்கும் தமிழில் எங்கும் அதே முகம். எட்டு வருஷமாகக் கரண்டு வரும் நேரம் பார்த்து ஓடி உட்கார்ந்து, இடுப்பு விட்டுப்போய், அந்த எழுத்தைக் கண்டாலே அவளுக்கு அலுப்பாக இருந்தது.

மூன்று நாள் அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. நாலாம் நாள் ஆபித் இறங்கி வந்தான்.

"சரி, போட்டுத் தொலை. நீயே அடிச்சு நீயே புரூப் பாத்துக்க. நான் திரும்பிக்கூடப் பாக்கமாட்டேன்."

அன்று கரண்டு வர மதியம் ஆகிவிட்டது. அடுத்தவர் வேலையெல்லாம் முடித்துக் கடைசியாகத் தன் பத்திரிகையை அடித்தாள். புரூபை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, 'கு'வின் வளையம் அடைத்துக்கொண்டதா, பாதங்கள் ஒரே வரிசையில் நிற்கின்றனவா என்று பார்த்தாள். எழுத்தைப் பார்த்தே பழகிய கண்; வாசிக்கும் வழக்கம் அதற்கு விட்டுப்போய்ப் பல வருஷம். "மெஷின்ல ஓட்டலாம் காக்கா," என்றாள்.

அடுத்த வாரம் மாப்பிள்ளையின் அக்கா லத்தீபா, தன்லியினிலிருந்து பஸ் ஏறி வந்தாள். கையில் பத்திரிகை.

"பொண்ணு பேரும் வரும்னு தம்பி சொல்லிச்சு. நானும் ஆசையாத் தேடுனேன் புள்ள, காணோமே?"

ஹுஸ்னா அதைப் பிடுங்காத குறையாக வாங்கிப் பார்த்தாள். இளைய குமாரத்தி. அவ்வளவுதான். எத்தனையோ பெண்களுக்கு அடித்த கை, அவளுக்கும் அப்படியே அடித்துவிட்டது. முந்நூறு பத்திரிகையும் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தாயிற்று; கல்யாணத்துக்கு நாலே நாள். யாரைப் பிடித்துத் திட்டுவது? ஆபித் மேல் கோபப்படக்கூட அவளுக்கு வழியில்லை.

"போவுது விடு," என்றாள் லத்தீபா. "எழுத்துதான் என்னா அழகு, கொழுகொழுன்னு! இது யாரு செஞ்சது?"

'நான்தான் மச்சி' என்று வரப்போகும் நாத்தனாரிடம் சொல்ல வாயைத் திறந்தாள் ஹுஸ்னா. அழுகைதான் வந்தது.